விருந்தினராக வந்தவர் நடத்திய ஏடு

1939 பெப்ரவரியில் லண்டனில் 'போயட்ரி லண்டன்' என்னும் கவிதை ஏட்டின் முதல் இதழ் வெளிவந்தபோது, அதன் ஆசிரியரான தம்பிமுத்து அந்நகருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்தது. 1915இல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, கொழும்பில் இருக்கும்போதே ஆங்கிலக் கவிதைகளை நூலாக்கியிருந்த அவருக்கு ஆங்கிலம் அந்நிய மொழி அன்று; அம்மொழியின் இலக்கிய வட்டங்களே அந்நியமாக இருந்தன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் உடன்பயின்றோர் பிற்காலத்தில் ஒருவரையொருவர் தூக்கிவிடும் வழக்கத்தில் அவருக்கு இடமில்லை. ஆனால் அந்த இன்மையே, எந்த அணிக்கும் கடன்படாத பதிப்பாசிரியராக அவரை நிலைநிறுத்தியது எனலாம்.

காலமும் அவருக்கு வழிவிட்டது. டி. எஸ். எலியட் நடத்திய 'கிரைட்டீரியன்' 1939 ஜனவரியோடு நின்றுபோக, அவ்வாண்டிலேயே 'நியூ வெர்ஸ்' ஏடும் மறைந்துவிட, கவிஞர்கள் எழுதியதை அச்சிடும் இடங்கள் அருகிய வேளையில் போர் மூண்டது. ஆடனும் அவருடைய நண்பர்களும் முப்பதுகளில் வளர்த்த அரசியல் சார்ந்த கவிதைக்கும், கனவும் படிமமும் மேலோங்கிய புதிய போக்குக்கும் தம்பிமுத்து ஒருங்கே இடமளித்தார். தேர்வு நெறியே இல்லாதவர் என்று அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையும் இருந்தது. எனினும், கண்டிப்பான நெறியுடைய ஓர் ஆசிரியரின் மேசையில் கீத் டக்ளஸும் கேத்லீன் ரெயினும் டேவிட் கேஸ்காயினும் ஒருசேர இடம்பெற்றிருப்பார்களா என்பது ஐயமே.

ஏட்டோடு நில்லாமல் 'எடிஷன்ஸ் போயட்ரி லண்டன்' என்ற நூல் வரிசையையும் அவர் தொடங்கினார். கேஸ்காயினின் கவிதைகளுக்குக் கிரகாம் சதர்லாண்டும், ரெயினின் தொகுதிக்குச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தும் வரைந்த ஓவியங்களோடு 1943இல் அந்நூல்கள் வந்தன. காகிதத்துக்குப் பங்கீடு, அதாவது அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வாங்க முடியாத கட்டுப்பாடு, நிலவிய காலத்தில் இத்தகைய அச்சழகு பிடிவாதமன்றி வேறில்லை. 1944இல் நார்மண்டியில் போரிட்டு 24 வயதில் மாண்ட டக்ளஸின் பாலைவனப் போர் நினைவுகளும் இவ்வரிசையிலேயே 1946இல் நூலாயின. பதிப்பகத்தின் அலுவல்களிற் பெரும்பகுதி சோஹோ, ஃபிட்ஸ்ரோவியா பகுதி மதுக்கூடங்களிலேயே நடந்தது. கையெழுத்துப் பிரதிகளை அவர் தொலைத்துவிடுவார் என்ற பேச்சு அங்கு பரவலாக இருந்தது.

கவிஞராக அவர் அவ்வளவு உயரத்தை எட்டவில்லை. ஆயினும் எலியட்டின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி 1948இல் அவர் வெளியிட்ட 'நடராஜா' என்னும் நெடுங்கவிதை கவனத்துக்குரியது. ஆங்கில நவீனத்துவம், அதாவது மரபு யாப்பையும் நேர்கோட்டுக் கூற்றையும் உடைத்தெழுந்த புதுக்கவிதை இயக்கம், தன் முதல்வராகக் கொண்டாடிய ஒருவருக்கு, ஆடும் தெய்வத்தின் பெயர் தாங்கிய கவிதையைக் காணிக்கையாக்கிய அந்தத் துணிவில், கத்தோலிக்க வளர்ப்பு அழித்துவிடாத சைவச் சூழலின் பதிவு தெரிகிறது.

நாற்பதுகளின் இறுதியில் ஏடு அவர் கையைவிட்டுப் போனபின், இலங்கைக்குத் திரும்பிய அவர் 1952இல் நியூயார்க் சென்று, 'போயட்ரி லண்டன்–நியூயார்க்' என்ற பெயரில் அம்முயற்சியைப் புதுப்பித்தார். அது ஒருசில இதழ்களோடு ஓய்ந்தது. 1968இல் லண்டனுக்கு மீண்டு, 1983இல் அங்கேயே மறையும்வரை புதிய ஏடுகளைத் திட்டமிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் 1939இல் திறந்துகிடந்த வெற்றிடம் அப்போது இல்லை. சிற்றேடுகள் அதற்குள் பெருகிவிட்டிருந்தன.