ஜாகீர் போன ஆண்டு

முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். சென்ற ஆண்டு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குச் சென்றபோது, ஒரு பெரியவர் முன்னே மாணவனாக அமர நேர்ந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையைக் கடந்ததும் மலையேறுகிறது. 46 அடி ஆழம் நீர் தேக்கும் அந்த அணையை நிரப்புவன மலையோடைகளே. அந்நீர் மணிமுக்தாற்றோடும் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. கீழே நெல்லும் கரும்பும். மழையை முதலில் ஏந்தும் மேட்டு நிலத்திலோ சாமையும் மரவள்ளியும்.

இங்கு வாழ்வோர் மலையாளிகள். கேரளத்தாரல்லர், மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அப்பெயர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வர்.

பெரியவர் முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கேட்டார். பிறந்த ஆண்டு தெரியவில்லை.

"பெரியவரே, சுதந்திரம் வந்தபோது உங்களுக்கு என்ன வயதிருக்கும்?" என்றேன்.

"ஜாகீர் போனதைக் கேக்கறீங்களா சார்?" என்றார்.

நான் திகைத்தேன். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களில் வழங்கிய மூன்று ஜாகீர்களின் கீழ் இம்மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை என்பது வழிவழிச் செய்தி. அரசு இவற்றைத் தன் நேரடி ஆளுகையில் ஏற்றது 1976இல்தான்! ஆண்டுதோறும் ஆகஸ்டு 15இல் கொடியின் கீழ் நின்று நான் ஆற்றிய உரைகளில் ஒன்றிலேனும் இச்செய்தி இடம்பெற்றதில்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்த மலையைப் பற்றி நானும் படித்ததில்லை; பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை.

மாவட்டம் என்ற கட்டத்திலும் பேனா சற்று நின்றது. மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. தென்னார்க்காடாக இருந்தது 1993இல் விழுப்புரமாயிற்று, 2019இல் கள்ளக்குறிச்சியாயிற்று. பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளுக்கு உரிய மாவட்டங்களுள் ஒன்றாகத் தென்னார்க்காடே குறிக்கப்பட்டிருக்கிறது. பெரியவருக்கு இவை யாவும் ஒன்றே.

"ஜாகீர் போனப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு. அப்படியே எழுதிக்குங்க" என்றார்.

கழித்துப் பார்த்து, 1941 என்று எழுதினேன்.