கன்னியாவுக்கு அம்மாவுடன்

திருக்கோணமலை நகரிலிருந்து அனுராதபுர வீதி வழியாக ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியாவை அடையலாம். அங்கே ஏழு சிறு கிணறுகள் அருகருகே அமைந்துள்ளன. ஏழிலும் வெந்நீரே ஊறுகின்றது. ஆயினும் கிணற்றுக்குக் கிணறு வெம்மை வேறுபடும். மழைநீர் பாறைப் பிளவுகளினூடே நெடுந்தூரம் கீழிறங்கி, பூமியின் உட்சூட்டினால் வெம்மையுற்று மீண்டும் மேலெழுகின்றது என்பர் அறிஞர். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டியபோது தோன்றிய ஊற்றுக்கள் இவை என்பது வழிவழி வந்த கதை. அந்தியேட்டிக் கிரியை செய்யவும் எம்மவர் இங்கு வந்ததுண்டு.

நான் சென்றது என் தாயாருடன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் மூட்டுத் தேய்வினால் பல ஆண்டுகளாக நோவுறுபவர். கோயிலுக்குப் போவதையும் அயல்வீட்டுக்குப் போவதையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டிருந்தார். காரணம் கேட்டால், “மனமில்லை” என்பார். கன்னியாவுக்கு மட்டும் வருவதற்கு இசைந்தார்.

வண்டியை விட்டிறங்கிக் கிணற்றடிக்குச் செல்வதற்குள் மூன்று முறை நின்றார். எனக்குப் பொறுமை குறைந்தது.

“இன்னும் கொஞ்சத் தூரந்தானே, அம்மா?” என்றேன்.

“உனக்குத்தான் மோனை கொஞ்சத் தூரம்” என்றார் அவர், சிரித்தபடியே.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அவர் கைவிட்டவை யாவும் மனமின்மையால் அல்ல, எங்களுக்குப் பாரமாகலாகாது என்ற எண்ணத்தினால் என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிற்று.

சூட்டைக் கையால் பதம் பார்த்து, வெம்மை மிதமான கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு மெல்ல மெல்ல வார்த்தேன். நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியோர்க்குச் சூடு தெரியாது புண்ணாகிவிடும். ஆதலின் உடன் செல்வோரே பதம் பார்த்தல் வேண்டும். ஈரக் கற்றரையில் முதியோர் வழுக்கி விழாதபடி கைப்பிடித்து நடத்துவதும் அவசியம். குளித்தபின் அம்மா நெடுநேரம் அமர்ந்திருந்தார். “காலுக்கு நல்ல சுகமாய் இருக்குது” என்றார்.

அச்சுகம் அன்று மாலைவரை நின்றது. மறுநாட் காலை பழைய நோவே திரும்பிற்று. வெந்நீர் இறுகிய தசையைத் தளர்த்தும். தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்காது. இதனை எமக்கு விளக்கியவர், பின்னர் நாம் கண்ட வைத்தியர். அம்மா ஊன்றிய பொல்லை அவர் முதலில் நோக்கினார். நோகும் வலக்காலின் பக்கத்திலேயே அதனைப் பிடித்திருந்தார் அம்மா. அதனை இடக்கைக்கு மாற்றுவித்தார் வைத்தியர். கடையில் தாமாக வாங்கி விழுங்கும் நோ மாத்திரைகளுட் சில இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தார்.

அவர் கூறிய மற்றொன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. நோ தணிந்த நாளில் அம்மா வீட்டுவேலை முழுவதையும் ஒரே மூச்சில் முடிப்பார். அடுத்த இரண்டு நாட்கள் எழமாட்டார். “நல்ல நாளிலும் அளவோடு செய்யுங்கள், நோவுள்ள நாளிலும் சிறிதேனும் நடவுங்கள்” என்றார் வைத்தியர். ஓய்ந்தே கிடந்தால் தசை மெலிந்து, மூட்டின் பாரம் இன்னும் மிகும்.

இன்று எம் வீட்டு அடுக்களையில் உயரமான கதிரை ஒன்று உண்டு. அம்மா அமர்ந்தே காய்கறி நறுக்குகிறார். நாளும் அக்கதிரையிலிருந்து பலமுறை எழுந்து அமர்ந்து தொடைக்கு வலுவூட்டுகிறார். காலையில் வெந்நீர் ஒத்தடம். மாலையில் ஒழுங்கை முனைவரை நடை. நோ முற்றாக நீங்கவில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறார். வழியில் அவர் நிற்குமிடமெல்லாம் நானும் நிற்கிறேன்.

மறைந்த தாய்க்கு மகன் கடனாற்றிய கதையைக் கன்னியா சொல்கிறது. இருக்கும் தாய்க்கு ஆற்றவேண்டிய கடனும் ஒன்றுண்டு. “இன்று எப்படி இருக்கிறது, அம்மா?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பதே அது.