சித்தி கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தாயில்பட்டிக்குப் போயிருந்தேன். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவக்கூட விடவில்லை. சித்தி என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பத்திரிகையிலே எழுதுறவ நீதானே? இதை வாசிச்சுச் சொல்லு தாயி" என்று சில காகிதங்களை நீட்டினாள்.

தம்பி மலேசியாவுக்குப் போகிறானாம். ஓட்டலில் வேலையாம். தரகர் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்டிருக்கிறார். சித்தியின் கழுத்துச் சங்கிலி மறுநாள் அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

சித்தி பணத்தாசை பிடித்தவள் அல்ல. சித்தப்பாவின் இரண்டு கைகளிலும் தீத்தழும்பு உண்டு. ஒரு தீபாவளி அவசரத்தில், அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் வைத்துச் செய்தபோது வந்த வினை அது. "எம் மகனாவது மருந்து வாடை இல்லாத ஊர்லே பிழைக்கட்டும்" என்பது அவள் பிரார்த்தனை.

காகிதங்களைப் புரட்டினேன். போகவர விமான டிக்கெட் இருந்தது. ஏழு நாள் தங்குவதற்கு அறைச் சீட்டு இருந்தது. வேலை கொடுப்பவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மட்டும் காணோம்.

"விசா எங்கேடா?" என்றேன்.

"விசாவே வேண்டாமாம் அக்கா. சுத்திப் பார்க்கிறவனாப் போயிட்டு, அங்கே போய் மாத்திக்கலாமாம்."

தரகர் சொன்னதில் பாதி உண்மை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது வாஸ்தவம். ஆனால் அது ஊர் பார்க்க. பார்க்க வந்தவர் தட்டுக் கழுவிச் சம்பளம் வாங்கினால் குற்றம். வேலைக்குப் போகிறவருக்கு, அங்குள்ள முதலாளி முன்கூட்டியே அந்த அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். நம்மவர்கள் 'காலிங் விசா' என்பது அதைத்தான்.

இன்னொரு விஷயம். தம்பி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அப்போது பார்க்கப்படும். 10 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸும் உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். ஊர் பார்க்கப் போகிறவனுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. தரகருக்கு அந்த வழி ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

முற்றத்திலிருந்த சிவகாசி அச்சக முதலாளி ஒருவரும் பேச்சில் கலந்துகொண்டார். "சீனாவுக்குப் போகையிலே எழுத்தே சொல்லிடும்மா. 'எல்'னா சுற்றுலா, 'எம்'னா வியாபாரம், 'இசட்'னா வேலை. நான் 'எம்'மிலே போய் மெஷினுக்கு விலை பேசிட்டு வந்தேன். அங்கேயே மெஷின் ஓட்டிச் சம்பளம் வாங்கணும்னா 'இசட்' வேணும்."

சித்தி சற்று யோசித்தாள். "அப்போ எங்க பட்டாசு ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லு. இந்த ரூமுக்கு இந்த வேலைன்னு லைசென்சுலே எழுதியிருக்கும். மாத்திச் செஞ்சாத்தானே வெடிக்குது?"

காலேஜில் படித்த எனக்கு அத்தனை சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை!

தம்பி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, மோசடி வேலை செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டதைச் சொன்னேன். மீட்டுக்கொண்டுவர இந்தியத் தூதரகம் பாடுபட வேண்டியிருந்தது. அவன் பதில் பேசவில்லை. சித்தப்பாதான் தழும்பேறிய கையால் காகிதங்களை மடித்து, "தரகர் கிட்டேயே கொடுத்துட்டு வா" என்றார்.

போன வாரம் சித்தி போனில் பேசினாள். தம்பி தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறானாம். தேறிவிட்டால் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு தேவையிராது. வேலை தேடும் வழியும் கொஞ்சம் அகலும்.

சகோதரிகளே, வீட்டுப் பிள்ளை கடல் கடக்கத் துடித்தால் தடுக்க வேண்டாம். நகையைக் கழற்றுமுன், "இந்தத் தாளில் எந்த வேலைக்கு அனுமதி எழுதியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். சித்தியின் கழுத்தில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.