பெட்டிக்கு உள்ளே ஒரு கொண்டி

வீடு என்றால் என்ன? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இதற்குப் பல வரைவிலக்கணங்கள் படித்தோம். இன்று பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். நான் நிரப்பும் படிவத்தில் வீட்டுக்கு இரண்டே கூடுகள்தான் உண்டு: நிரந்தரம், தற்காலிகம். இந்த இரண்டிலும் அடங்காத ஒன்றைப் பற்றித்தான் சகோதரிகளே, இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஒரு பழைய லான்ட்மாஸ்டர் பெட்டி.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் போய்வரும் கிராமமொன்றில் கச்சான் வறுத்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பங்குனியில் புளியம்பொக்கணை, வைகாசியில் வற்றாப்பளை, பிறகு மடு, நல்லூர் என்று திருவிழாக்களோடுதான் அவரது வருமானம். நல்லூர்த் திருவிழா மட்டும் 25 நாட்கள். இரவில் கடைக்குப் பின்னால் தறப்பாள் கட்டிப் படுப்பார்.

"கச்சான் விக்கிறது கஷ்டமில்லை மிஸ். இரவுதான் கஷ்டம். காசை மடியில கட்டிக்கொண்டு விடிய விடிய முழிச்சிருக்கிறது" என்றார்.

கடந்த வருடம் அவர் ஒரு முடிவு எடுத்தார். பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்டியொன்றைச் சீட்டுக்காசில் வாங்கி, அதைப் படுக்கும் அறையாக மாற்றுவது. அவரது தம்பியிடம் லான்ட்மாஸ்டர் இருந்தது.

முதலில் எதிர்த்தவர் அவரது தாயார். அதற்குக் காரணம் இருந்தது. 2008 இன் பிற்பகுதியில் இவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்தையும் கதவையும் நெல்மூட்டையையும் ஒரு பெட்டியில் ஏற்றிக்கொண்டு, பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தவர்கள். 2009 மாசியில் அந்தப் பெட்டிக்குக் கீழே படுத்திருந்தபோது விழுந்த ஷெல்லில் அக்காவின் கணவர் இறந்துபோனார். பிறகு செட்டிகுளம் முகாம். 2010 இல் ஊர் திரும்பினார்கள்.

"பெட்டியில ஏறினது காணும் பிள்ளை" என்று அம்மா சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா கோபப்படவில்லை. "அப்ப கலைச்ச பக்கம் போனம் அம்மா. இப்ப நான் நினைச்ச இடத்துக்குப் போய், நினைச்ச நேரம் திரும்பி வருவன்" என்றார்.

வாழ்வாதார உதவிப் பட்டியலில் தையல் இயந்திரம், ஆடு, கோழி, சில்லறைக்கடை எல்லாம் இருந்தன, பெட்டி இல்லை. "நடமாடும் கடை" என்று எழுதி, காரணத்தை இரண்டு பக்கத்தில் விளக்கி அனுப்பினேன். பாதித் தொகை கிடைத்தது. மிச்சம் அக்காவின் உழைப்பு.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன். உங்களில் யாருக்கும் உதவலாம். பழைய பெட்டி வாங்கும்போது பெயின்ரைப் பார்க்கக் கூடாது. கீழே குனிந்து அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கியிருக்கிறதா, பலகையில் திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறதா, ரயரில் வெடிப்பு உண்டா, அச்சு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுப் பத்திரமும் கைக்கு வரவேண்டும்.

பெட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம். உயரமாகக் கட்டினால் வளைவில் சரியும். ஆகவே உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது என்ற அளவோடு நிறுத்தினார்கள். சட்டம் மெல்லிய பெட்டி இரும்பு, சுவர் தகரம். பாரமான சாமான்கள் சில்லுக்கு மேலேயும் சற்று முன்னேயும் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் கொழுவும் தண்டு மேலே எழும்பும், ஓடும்போது பெட்டி அலையும்.

தகரக் கூரையின் வெக்கையை நாம் எல்லோரும் அறிவோம். கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, உள்ளே ரெஜிபோம் வைத்து, அதற்குக் கீழே மெல்லிய பலகை அடித்தார்கள். இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் மூச்சுவிட்டால் விடியும்போது தகரத்தில் தண்ணீர் துளிர்க்கும். அதனால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றோட்டத் துவாரம் வைத்து நுளம்பு வலை அடித்தார்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: பெட்டிக்குள் அடுப்பு இல்லை. மூடிய இடத்தில் கரியோ விறகோ எரிந்தால் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். ரெஜிபோமும் இலகுவில் தீப்பிடிக்கும். பின்கதவை மேலே தூக்கி முட்டுக்கொடுத்தால் அதுவே பந்தலாகும். அதற்கும் அப்பால் நிலத்தில் வைத்துத்தான் மண்சட்டியில் கச்சான் வறுக்கிறார். ஆபத்துக்கு இறங்க மறுபக்கத்தில் ஆள் நுழையக்கூடிய யன்னல் ஒன்றும் உண்டு. சிறிய சோலர் தகடும் பற்றரியும் இரண்டு பல்புக்கும் கைத்தொலைபேசிக்கும் போதும்.

எல்லாம் முடிந்தபின் ஒட்டுவேலைக்காரத் தம்பி கதவுக்கு வெளியே பூட்டுக்கு மட்டும் இடம் வைத்திருந்தார். "உள்ளுக்கும் கொண்டி போடுங்கோ தம்பி. எனக்கு அதுதான் முக்கியம்" என்றார் அக்கா.

அமெரிக்காவிலும் பழைய சரக்குப் பெட்டிகளுக்குள் படுக்கை அமைத்துக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். சிலருக்கு அது விடுமுறை உல்லாசம். ஆனால் 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டை விட்டு, பருவகால வேலை தேடி வாகனத்திலேயே வாழும் முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017 இல் ஒரு நூலே எழுதினார். ஒரே மாதிரிப் பெட்டிதான். திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். அக்காவுக்கு வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு இருக்கிறது. திறப்பு அவரிடமே இருக்கிறது. நடமாடும் வசதிகளைப் பற்றிப் பேசும் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள், முதலில் அந்தக் கல்வீட்டை உறுதிசெய்ய வேண்டும் என்பதே எனது கருத்து.

வைகாசியில் அந்தப் பெட்டி முதன்முதலாக வற்றாப்பளைக்குப் போனது. அதே பரந்தன் – முல்லைத்தீவு வீதிதான். நந்திக்கடல் ஓரத்து அந்தக் கோயிலடியில் பொங்கல் முடிந்த மறுநாள் அக்காவிடம் "எப்படி?" என்று கேட்டேன். "விடியக் காகம் கத்தித்தான் மிஸ் எழும்பினன்" என்றார்.

அம்மாவும் கூடப் போயிருந்தார். பெட்டிக்குள் மட்டும் ஏறவில்லை. வெளியே பாயில் இருந்து கச்சானுக்குக் கடதாசிச் சுருள் சுற்றிக்கொடுத்தார். இரவு பக்கத்துக் கோயில் மடத்தில் படுத்தார். ஏறச்சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவில்லை.