நகைச்சுவையாளரின் காதல் உபதேசம்

அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீவ் ஹார்வி 2009-இல் பெண்களுக்கென்றே எழுதி, அமோகமாக விற்று, 2012-இல் திரைப்படத்துக்கும் ஆதாரமான காதல் உபதேச நூலில், ஃபோர்டு தொழிற்சாலையில் தாம் சேர்ந்தபோது ஊழியச் சலுகைகளுக்காக 90 நாள் காத்திருந்ததைப் போலவே, ஆடவனையும் 90 நாள் பரீட்சித்த பின்னரே பெண் தன் தேகத்தை அவனுக்கு உரியதாக்க வேண்டும் என்கிறார். சலுகையாம்! பெண்ணுக்கும் இச்சை என்று ஒன்று உண்டென்பது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ஆணைத் தூண்டிற்காரனாகவும் பெண்ணை மீனாகவும் வர்ணித்து, அகப்பட்டதை அவன் வைத்துக்கொள்வதும் நீரில் எறிவதும் மீனின் நடத்தையைப் பொறுத்ததே என்று சாதிக்கும்போது, சகல பாரமும் ஸ்திரீயின் சிரசில்தான் ஏறுகிறது. அவர் இருமுறை விவாகரத்தானவர் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை; அனுபவமும் ஓர் ஆசான்தான். ஆயினும், 2010-இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூலும் ஆண்களுக்கன்று, பெண்களுக்கான உபதேசமே.