மடி

ஆங்கிலத்தில் நெஞ்சுக்கு 'புஸம்' என்றொரு பழைய சொல் உண்டு. இன்று அதைக் கேட்டால் பலருக்குப் பெண்ணின் மார்பு மட்டும்தான் ஞாபகம் வரும். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர், பழைய ஆங்கிலத்தில் 'போஸ்ம்' என்று வழங்கிய காலத்தில், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். நெஞ்சை மட்டுமல்ல, நெஞ்சின் மேல் ஆடை மடிந்து விழும் இடத்தையும் அது குறித்தது. அதன் வேர் எதுவென்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. கையைக் குறித்த ஒரு மூலத்திலிருந்து வந்தது, இரண்டு கைகளும் சேர்த்து அணைக்கிற இடம் என்பதே அதன் பொருள் என்பது ஒரு சாராரின் கருத்து. எனக்கு அந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

இந்தச் சொல்லிடம் என்னைக் கொண்டுபோனது ஒரு கணித பாடம். என் ஊர் புல்மோட்டை, படிப்பிப்பது திரியாயில். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் தமிழ் பயின்று வந்தவன் நான். ஆனால் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால், அடுத்தவர் வரும்வரை கணிதமும் என் பொறுப்புத்தான். ஆண்டு பதினொன்றில் திரிகோண கணிதம் தொடங்கிய அன்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்.

"சேர், சைன் எண்டா என்ன கருத்து?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்தியாவிலிருந்து தொடங்க வேண்டும். 499ஆம் ஆண்டில் ஆரியபடர் தமது நூலில் பாதி நாணின் அளவுகளைத் தந்தார். வில்லின் நாணுக்கு சமஸ்கிருதத்தில் 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். வட்டத்தில் நாம் வரைகிற நாணும் அதுதான். அந்தக் கணக்கு பக்தாத் போனபோது அறபிகள் சொல்லை 'ஜீபா' என்று ஒலிபெயர்த்துக்கொண்டார்கள். அறபியில் அதற்குத் தனிப் பொருள் இல்லை. உயிர்க்குறி இடாமல் எழுதும்போது அது 'ஜைப்' என்ற அவர்களின் சொந்தச் சொல்லைப் போலவே தெரிந்தது. ஜைப் என்றால் சட்டையின் நெஞ்சுத் திறப்பு, நெஞ்சு. 12ஆம் நூற்றாண்டில் அறபு நூல்களை லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அந்தப் பொருளுக்கு இணையாக 'சைனஸ்' என்று எழுதினார்கள். அதன் குறுக்கம்தான் சைன்.

"அப்ப சைன் எண்டா மார்பா சேர்?" என்றான் பின்வரிசைப் பையன். வகுப்பு சிரித்தது. பெண்பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள். நாணிலே தொடங்கிய சொல் நாணத்தில் வந்து நின்றது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் சிரிப்புத்தான் வரும்.

"உங்கட அம்மம்மா வெத்திலைய எங்க செருகி வைப்பா?" என்று கேட்டேன்.

"மடியில சேர்."

சிரிப்பு நின்றுவிட்டது. சைனஸ், ஜைப், புஸம் மூன்றுக்கும் அண்மையில் நிற்கிற தமிழ்ச் சொல் மடிதான் என்பது என் எண்ணம். பிள்ளை தூங்குவதும் மடி, சேலையில் காசு முடிவதும் மடி, பசுவுக்குப் பால் சேர்வதும் மடி, கரைவலையில் மீன் வந்து நிறைகிற பையும் மடி. என் வாப்பா சில்லறையைச் சாரத்து மடியில் சுருட்டித்தான் கடைத்தெருவுக்குப் போவார். மூஸா நபி (அலை) அவர்கள் கையை நுழைத்து எடுத்த இடத்தைக் குர்ஆன் ஜைப் என்கிறது. பெண்கள் தலைத்துணியால் மறைக்கும்படி சூரா அந்நூர் சொல்வதும் ஜைபைத்தான். தமிழ்நாட்டார் சட்டைப்பையை 'ஜேபி' என்பதும் இதே ஜைபின் வழிவந்ததே. லூக்காவின் சுவிசேஷத்தில் இறந்த ஏழை போய்ச் சேர்கிற இடத்தைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஆபிரகாமின் புஸம் என்கிறது. தமிழ் வேதாகமம் மடி என்கிறது. பெயர்த்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது.

திரியாய் மக்களுக்கு மடியின் பொருளை நான் சொல்லத் தேவையில்லை. 1985இல் வீடுகள் எரிய, ஊரே ஓடியது. நீண்ட காலத்தின் பின் திரும்பி வந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "உடுத்த சேலையோட போனம் தம்பி. காணி உறுதி மட்டும் மடியில இருந்தது." அதை எடுத்துக் காட்டினார். மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், நான்கு துண்டுகளாக இருந்தது. காணிப் பேச்சு ஓயாத இந்த ஊரில் அந்த நான்கு துண்டுகளின் பெறுமதியைப் பிள்ளைகளும் அறிவார்கள்.

ஒன்றை மட்டும் அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டேன். லத்தீனின் சைனஸுக்குக் கடற்குடா என்றும் பொருள் உண்டு. கிரேக்கத்தின் 'கொல்போஸ்' என்ற சொல்லுக்கும் நெஞ்சு, ஆடை மடிப்பு, குடா என்ற மூன்று பொருள்களும் உண்டு. கொட்டியார் குடாவைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். நிலம் இரண்டு கைகளாலும் கடலை அணைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொல்போஸிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் 'கல்ஃப்'. எங்கள் பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிற வளைகுடாவுக்கும் ஆதிப்பொருள் மடி.

சைனுக்குக் கருத்துக் கேட்ட அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் இருக்கிறார். அவளை வளர்ப்பது அம்மம்மா. அந்தச் சொல்லின் பொருளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். என்றாவது ஒருநாள் அவள் இதை வாசிக்கட்டும். அப்போது தாயும் வீட்டில் இருக்கட்டும்.