இரண்டு பைகள் எப்போது சமம்?

இரண்டு மஞ்சப்பைகள். இரண்டிலும் அரை கிலோ துவரம்பருப்பு, ஒரு தேங்காய், ஒரு கட்டுக் கீரை. இரண்டும் ஒன்றா? "ஒன்றுதான்" என்பார் ஒருவர். "அது வேற பை, இது வேற பை" என்பார் அடுத்தவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஜாவாவில் இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் அடுத்தவரின் பதில் வரும். ஈக்வல்ஸ் மெத்தடிடம் கேட்டால் முதலாமவரின் பதில். (சி ஷார்ப்பின் லிஸ்ட்டிடம் ஈக்வல்ஸ் கேட்டால் பைக்குள் எட்டியே பார்க்காது! சீக்வென்ஸ்ஈக்வல் என்று தனியாகக் கேட்க வேண்டும்.)

1998-ல் ஜாவா 1.2-உடன் வந்த கலெக்‌ஷன்களை வடிவமைத்தவர் ஜோஷுவா பிளாக். அதில் விதி தெளிவு. லிஸ்ட் என்றால் வரிசையும் ஒத்துப்போக வேண்டும், செட் என்றால் வரிசை பொருட்டில்லை. அரேலிஸ்ட்டும் லிங்க்ட்லிஸ்ட்டும் சமமாகலாம். ஆனால் லிஸ்ட்டும் செட்டும் சமமாகவே ஆகாது, இரண்டும் காலியாக இருந்தாலும்! காரணம் இதுதான்: 'அ'வுக்கு 'ஆ' சமம் என்றால் 'ஆ'வுக்கும் 'அ' சமமாக வேண்டும். ஒன்று வரிசையைப் பார்த்து, மற்றது பார்க்காமல் பதில் சொன்னால் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும்.

இவ்வளவு கறாராக இருந்தும் ஓர் ஓட்டை உண்டு. பணக்கணக்குக்குப் பலரும் நம்புவது பிக்டெசிமல். அதன் ஈக்வல்ஸுக்கு 12.5 வேறு, 12.50 வேறு. கம்பேர்டூ மெத்தடுக்கோ இரண்டும் ஒன்று. இப்போது ஒரு ஹேஷ்செட்டில் 12.5, ஒரு ட்ரீசெட்டில் 12.50 போடுங்கள். ட்ரீசெட் தேடுவது கம்பேர்டூ வழியாக. அதனிடம் "நீ அதற்குச் சமமா?" என்றால் "ஆமாம்" என்கிறது. ஹேஷ்செட்டிடம் அதே கேள்வியைக் கேட்டால் "இல்லவே இல்லை"!

இது வெறும் வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. ஜேயூனிட்டில் அசர்ட்ஈக்வல்ஸ் எழுதும்போது, முதலில் கொடுத்த ஆப்ஜெக்டின் ஈக்வல்ஸ்தான் அழைக்கப்படும். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் தேறிய டெஸ்ட் தோற்கும். விலைப்பட்டியல் சரியா தப்பா என்பது யாரை முதலில் கேட்டோம் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒத்துப்போகாத வரிசைமுறையைக் கொடுத்தால் செட்டின் விதி உடையும் என்று ட்ரீசெட்டின் ஆவணத்திலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

எளிய வழி: செட்டில் போடுவதற்கு முன்பே ஸ்ட்ரிப்ட்ரெய்லிங்ஸீரோஸ் கொண்டு கடைசிப் பூஜ்யங்களை வெட்டிவிடுவது. அப்புறம் இரண்டு செட்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.